இருமினால் ஈரமாகிறது: ஏற்காட்டுச் சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி: மேடம், எனக்கு வயது 46. ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறோம். காப்பித் தோட்டத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள். மூத்தவளை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். இரண்டு வருஷமாக இருமினால், தும்மினால், பழ மூட்டையைத் தூக்கினால் சிறுநீர் சொட்டிவிடுகிறது. எட்டு மாசமாக ரொம்ப அதிகம். பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மலைக்குளிரும் சேர்ந்துகொண்டு வறட்டு இருமல் விடவே மாட்டேன் என்கிறது. சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கவேண்டிய நாளில் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஓர் இடத்தில் காட்டினேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டுவிடும், பறிப்பு முடிந்து தை பிறந்ததும் வாருங்கள் என்றார்கள். எடுத்துவிடலாமா? என் மகளுக்கு இப்போது ஐந்தாம் மாசம். அவளுக்கும் இப்படி வருமா? வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில். இருமும்போது சிறுநீர் கசிகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம். எடுத்தாலும் இந்தக் கசிவு நிற்காது. பின்னாளில் கசிவுக்கென்றே தனியாக ஓர் ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்புகூட, கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குச் சற்று அதிகம்.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் பெரியம்மா சேலத்தில் குகை என்ற பகுதியில் தறி நெய்தவர். அவருக்கும் இதே தொல்லை, இதே யோசனை. எடுத்தார்கள். வயிற்றில் தழும்பு வந்தது, கசிவு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவோரம்தான் இருப்பார், மடித்த பழைய வேட்டித்துணி பையில் இருக்கும். நான் பிசியோதெரபி படித்து, இந்தத் தொல்லைகளைப் பார்க்கும் பிரிவுக்கு வந்த பிறகுதான் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, “கண்ணு, இதுக்கு ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். அப்போது அவருக்கு எழுபது வயது. ஆபரேஷனுக்குப் பிறகு இருபது வருஷம் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் இரண்டே வருஷத்தில் எழுதிவிட்டீர்கள், அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். வீட்டில் மரப்பெஞ்சு இருந்தால் அதில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு பக்கமும் பலகையில் அழுந்துகிற எலும்புகள் இரண்டு தெரியும். முன்பக்கம் அடிவயிறு முடியும் இடத்தில் ஓர் எலும்பு கைக்குத் தட்டுப்படும். பின்னால் முதுகெலும்பு முடியும் இடத்தில் வால் எலும்பு. இந்த நான்குக்கும் நடுவே, சற்று உள்ளே தள்ளி, கயிற்றுக் கட்டிலில் கயிறு பின்னியது போலத் தசைகள் விரிந்து கிடக்கின்றன. இதைத்தான் இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம். அதில் பெரிய பங்கு லெவேட்டர் ஏனை என்ற தசைக்கு. லத்தீனில் ‘தூக்குவது’ என்று பொருள். பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இந்தக் கட்டிலின்மேல்தான் இருக்கின்றன. பெண்களுக்கு இதன் நடுவே மூன்று வழிகள்: முன்னால் சிறுநீர்க் குழாய், நடுவில் பிறப்புறுப்பு, பின்னால் ஆசனவாய். வழி இருக்கும் இடம் எப்போதும் கொஞ்சம் பலவீனமான இடம்தான். அதை ஈடுகட்ட, சுருக்குப்பையின் கயிறு போல வழியைச் சுற்றி இறுக்குகிற வளையத் தசைகள் அமைந்திருக்கின்றன. உங்கள் பாட்டி இடுப்பில் செருகியிருப்பாரே, வெற்றிலை பாக்குப் போட்ட சுருக்குப்பை, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் மூடும், விட்டால் திறக்கும். நம் தசை கூடுதலாக இன்னொன்றும் செய்கிறது: வாயை மூடிக்கொண்டே பையை மேலே தூக்குகிறது. பயிற்சி என்று நான் பின்னால் சொல்லப்போவது முழுக்க அந்தத் தூக்கலைப் பற்றியதுதான்.

இதிலேயே பியூபோரெக்டாலிஸ் என்று ஒரு பகுதி, முன் எலும்பிலிருந்து கிளம்பி மலக்குடலின் பின்னால் தூளி போலச் சுற்றிவந்து மறுபடி முன் எலும்பிலேயே சேருகிறது. தூளி இழுத்துப் பிடித்திருக்கும்வரை மலக்குடல் வளைந்து நிற்கும், மலம் இறங்காது. குத்தவைத்து உட்காரும்போது தூளி தளர்ந்து வழி நேராகிறது. நாட்டுக் கக்கூஸில் சிரமமில்லாமல் போவதற்கும், மேல்நாட்டுக் கக்கூஸில் பலர் முக்குவதற்கும் இது ஒரு காரணம். உங்கள் வீட்டில் உயரமான கக்கூஸ் என்றால், பாதத்துக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இருமலுக்கு வருவோம். மேலே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற மூச்சுத் தசை, கீழே இடுப்புத்தளம். மூச்சை இழுக்கும்போது இரண்டும் மெல்ல இறங்கும், விடும்போது இரண்டும் ஏறும். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று எகிறி எல்லாமே கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. நல்ல நிலையில் உள்ள தளம் அதற்கு ஒரு நொடிப்பொழுது முன்னதாகவே தானாக இறுகிக்கொள்ளும். நாம் அதை உணர்வதுகூட இல்லை.

தோட்டத்தில் ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் பாறைமேல் கிடக்கும்போது மிதித்தால் நசுங்கித் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் கிடக்கும்போது மிதித்தால் குழாய் புதைந்துபோகும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். அது தன் கீழே இருக்கும் தளத்தின்மேல் படிந்து கிடக்கிறது. தளம் பாறை போல நின்றால், இருமலின் அழுத்தமே குழாயை நசுக்கி மூடிவிடும். தளம் தொய்ந்திருந்தால் சொட்டும். உங்களுக்கு நடப்பது இதுதான். இதில் கர்ப்பப்பையின் பங்கு எதுவும் இல்லை, அதுவும் அதே கட்டிலில் படுத்திருக்கும் இன்னொரு ஆள், அவ்வளவே. ஓர் ஆளை எழுப்பி அனுப்பிவிட்டால் கட்டில் கயிறு இறுகிவிடுமா?

தளம் ஏன் தொய்ந்தது? பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும்போது இந்தத் தசையின் சில பகுதிகள் தம் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் விரிகின்றன. கை கால் தசைகள் இப்படி விரிந்தால் தாங்காது. ஆயுதம் போட்டு எடுக்கும்போது, முன் எலும்பில் தசை ஒட்டியிருக்கும் இடமே பிய்ந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. தசையை இயக்கும் நரம்பும் இழுபடுகிறது. பிள்ளை பெறும் இளவயதில் மற்ற தசைகள் ஈடுகட்டிவிடும். நாற்பதைத் தாண்டி, மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கி, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போதுதான் பழைய காயம் தலைகாட்டும். உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

இனி, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. என்னைப் பொறுத்தவரை கடிதத்திலேயே முக்கியமான வரி அது. பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வறட்டு இருமல் என்கிறீர்கள், எட்டு மாசமாகக் கசிவு அதிகம் என்கிறீர்கள். மலைக்குளிர்மேல் பழிபோடும் முன்னால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எனலாபிரில், ராமிபிரில் என்று ‘பிரில்’ என முடிகிற பெயர் இருக்கிறதா? அந்த வகை மாத்திரைகள் சிலருக்குத் தொண்டையை அறுக்கிற வறட்டு இருமலைக் கொடுக்கும். இருமல் மருந்து எத்தனை பாட்டில் குடித்தாலும் போகாது. மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் ஏறிவிடும். அட்டையைக் கையோடு கொண்டுபோய் மாத்திரை கொடுத்த டாக்டரிடம், “இதனால் இருமல் வருமா, வேறு மாற்ற முடியுமா?” என்று கேளுங்கள். இருமல் இதனால் இல்லை என்று தெரிந்தால், இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே இரண்டும் அவசியம். நாள் முழுக்க இருமிக்கொண்டே தளத்தைப் பலப்படுத்தப் பார்ப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

பயிற்சியைச் சொல்கிறேன். இதற்குக் கீகல் பயிற்சி என்று பெயர் விழுந்திருக்கிறது. ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-இல் இதை எழுதினார். அவர் வெறுமனே ‘இறுக்குங்கள்’ என்று சொல்லி அனுப்பவில்லை. தசை இறுகும்போது எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்பதை அந்தப் பெண்ணே பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் அழுத்தமானி வைத்திருந்தார். இன்று பல இடங்களில் கருவியும் இல்லை, கை வைத்துப் பார்ப்பதும் இல்லை. ‘ஒண்ணுக்கு அடக்குற மாதிரி அடக்குங்க’ என்ற ஒரு வரியோடு அனுப்பிவிடுகிறார்கள். 1991-இல் வந்த ஓர் ஆய்வில், வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தபோது சுமார் பாதிப் பெண்கள்தான் சரியாகச் செய்தார்கள். நாலில் ஒருவர் தூக்குவதற்குப் பதில் கீழ்நோக்கித் தள்ளினார்கள். அப்படித் தள்ளுவது கசிவைக் கூட்டும்.

ஆகவே முதலில் தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு துண்டை விரல் கனத்துக்கு இறுக்கிச் சுருட்டி, பெஞ்சில் முன்னும் பின்னுமாக நீளவாக்கில் போடுங்கள். அதன்மேல் உட்காருங்கள், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுப்பட்ட இடம் துண்டில் படவேண்டும். ஒரு தரம் மெல்ல இருமுங்கள். அந்த இடம் துண்டில் பொதுக்கென்று அமுங்குவது தெரியும். இப்போது மூச்சை விட்டபடியே, வாயுவை வெளியே விடாமல் உள்ளே இழுப்பதுபோல் பின்னாலிருந்து தொடங்கி, அப்படியே முன்னால் சிறுநீர் வழிவரை கொண்டுவந்து மேலே இழுங்கள். துண்டிலிருந்து அந்த இடம் ஒரு நூல் அளவு விலகி எழும்புவது தெரிந்தால் சரி. விட்டதும் மறுபடி துண்டில் வந்து இறங்க வேண்டும். அந்த இறக்கமும் பயிற்சியில் சேர்ந்ததுதான். எந்நேரமும் இறுக்கியே வைத்திருக்கும் தசை வலிக்கும், சிறுநீரும் மலமும் சுலபமாக வராது.

ஒரு கையை மேல்வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு உப்பினால் நீங்கள் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். உட்கார்ந்த இடத்தில் உடம்பே உயர்ந்தால் பிட்டத்தை இறுக்குகிறீர்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நெருங்கினால் தொடை வேலை செய்கிறது. மூச்சுப் பிடிக்காமல் இருக்க நான் சொல்லும் வழி, வாய்விட்டு எண்ணுவது. எண்ணுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது வேண்டாம். பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

யோகாவில் மூலபந்தம் என்று, இதே இடத்தை உள்ளிழுத்துப் பிடிக்கும் பயிற்சியைப் பழகியவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கே மூச்சை நிறுத்துவதும் உண்டு, இங்கே அது கூடாது.

தசை பிடிபட்டதும், முதல் இரண்டு வாரம் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு செய்யுங்கள். படுத்தால் மேலிருந்து பாரம் இறங்காது. மேலே இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட்டு, அதே ஐந்து எண்ணும்வரை ஓய்வு. இப்படி எட்டு முறை. அதோடு படக்கென்று இழுத்துப் படக்கென்று விடுவது எட்டு முறை. தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு: நாள் முழுக்க மெதுவாகத் தாங்குபவை பெரும்பகுதி, இருமலுக்குச் சட்டென்று எழுபவை மிச்சம். இரண்டுக்கும் பயிற்சி வேண்டும். காலை, மதியம், படுக்கும்முன் என்று நாளைக்கு மூன்று தடவை. பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று, ஐந்து எண்ணிக்கையைப் பத்து வரைக்கும் கூட்டலாம். ஆறு வாரத்துக்குள் பலன் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாசம் கணக்கு. இது வெறும் ஆறுதல் வார்த்தையும் அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பில், உங்களைப்போல இருமும்போது கசியும் பெண்களில் பயிற்சி செய்தவர்களுள் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாதவர்களில் 6 சதவீதம்.

மூன்று மாசம் காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. இருமல் தொண்டையில் எட்டிப்பார்க்கிறது என்று தெரிந்த நொடியில், முதலில் தளத்தை மேலே இழுத்துப் பிடியுங்கள், பிறகு இருமுங்கள், இருமி முடித்ததும் தளர விடுங்கள். தும்மலுக்கும் அப்படியே. 1998-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வயதான பெண்களிடம் இதை மட்டும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் இருமும்போது கசிவு பெருமளவு குறைந்தது. தசை அதற்குள் பருத்துவிடவில்லை, நேரம் பார்த்து இறுக்கக் கற்றுக்கொண்டதுதான் பலன்.

மூட்டைக்கும் இதே முறை. குனிந்து முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு அணைத்து, தளத்தை மேலே இழுத்து, மூச்சை விட்டுக்கொண்டே எழும்புங்கள். ‘ம்க்கும்’ என்று மூச்சை அடக்கித் தூக்கினால் முழுப் பாரமும் கீழேதான் போகும். பறிப்புக் காலத்தில் மேஸ்திரியிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். இடுப்பு வலி என்று சொல்லுங்கள், பொய்யில்லை, அது இடுப்புதான். இந்த மூன்று மாசத்துக்கு அரை மூட்டையாக இரண்டு நடை போங்கள், அல்லது சரிவிலிருந்து ரோட்டுக்கு ஏற்றுவதை இரண்டு பேராகப் பிடியுங்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் குலுங்கும்போது உங்களுக்குள் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் முந்தின ராத்திரியிலிருந்தே வாயைக் கட்டினால் சிறுநீர் கெட்டியாகிப் பையை எரிச்சலூட்டும், அவசரம் கூடும், தொற்று வரலாம். மலமும் இறுகும், முக்க வேண்டியிருக்கும், முக்குவதும் தளத்தைத்தான் கீழே தள்ளும். நாள் முழுக்கப் பரவலாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடியுங்கள். பஸ் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்தி, ஏறும்முன் ஒருதரம் போய்விட்டு வாருங்கள், போதும். காப்பிதான் உங்கள் ஊர் விளைச்சல், ஆனாலும் குளிருக்கு ஐந்தாறு தம்ளர் வரக்காப்பி குடிக்கிற பழக்கம் இருந்தால் இரண்டாகக் குறையுங்கள். காஃபீன் சிலருக்கு அவசரத்தைக் கிளப்பும்.

அடுத்த முறை சேலம் இறங்கும்போது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் பிரிவில் காட்டுங்கள். அதற்கு முன் மூன்று நாள், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிவாருங்கள்: எப்போது என்ன குடித்தீர்கள், எத்தனை முறை போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அந்த மூன்று தாள் எந்த ஸ்கேனைவிடவும் உதவும். சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் கேளுங்கள். “தசை எவ்வளவு இறுகுகிறது என்று பாருங்கள், ஏதாவது இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேட்டு, பிசியோதெரபிக்கும் சீட்டு வாங்குங்கள். மூன்று மாசப் பயிற்சிக்குப் பிறகும் தொல்லை நீடித்தால், பிறப்புறுப்புக்குள் வைக்கும் ரிங் இருக்கிறது, சிறுநீர்க் குழாயைத் தாங்கிக்கொடுக்கும் ஆபரேஷனும் இருக்கிறது. கசிவுக்கான ஆபரேஷன் அது. பெரிய கட்டி, அடங்காத உதிரப்போக்கு, புற்றுநோய்ச் சந்தேகம் என்று வேறு காரணம் இருந்தால் கர்ப்பப்பையைப் பற்றி அப்போது தனியாகப் பேசலாம். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை.

சிறுநீரில் ரத்தம் கண்டாலோ, எரிச்சலோடு காய்ச்சல் வந்தாலோ, கீழே உருண்டையாக ஏதாவது தட்டுப்பட்டாலோ, இருமாமலே ஓயாமல் ஒழுகினாலோ பயிற்சியோடு காத்திருக்காதீர்கள். இடுப்பு வலியோடு உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி போகவேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொல்வது உங்கள் விருப்பம். ஆனால் ஆண்களுக்கும் இதே தளம் இருக்கிறது, புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்ட பலர் இதே பயிற்சியைத்தான் செய்கிறார்கள் என்று தொடங்கினால் பேச்சு சுலபமாக இருக்கலாம்.

கடைசியாக மகள். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான், கட்டாயம் வரும் என்றில்லை. கர்ப்பத்திலேயே, கசிவு தொடங்கும் முன்பே இந்தப் பயிற்சியைப் பழகியவர்களுக்குக் கடைசி மாசங்களிலும் பிரசவத்துக்குப் பின்பும் கசிவு குறைவாக இருக்கிறது. ஐந்தாம் மாசம் நல்ல நேரம். டாக்டர் வேறு காரணத்துக்காக ஓய்வில் இருக்கச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு துண்டு போட்டு உட்காருங்கள். சொல்லிக்கொடுக்கும்போது ‘அடக்கு’ என்று சொல்லாதீர்கள், அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிறு இறுகி மூச்சு நின்றுவிடும். ‘மேலே தூக்கு, இப்போ விடு’ என்று சொல்லுங்கள்.